கையால் வயர் பாண்டிங்: 25 மைக்ரான் அலுமினியக் கம்பியைச் சிப்பில் இணைப்பது எப்படி?

பேக்கேஜ் இல்லாத வெறும் சிப்பைப் போர்டில் ஒட்டி, அதன் பேடுகளைப் போர்டோடு கம்பியால் இணைக்கும் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சாராக இருக்கலாம், ஓர் ஆய்வகம் தனக்கென வடிவமைத்துக்கொண்ட சிறு ஆம்ப்ளிஃபயராகவும் இருக்கலாம். பேடு ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. சதுரம்தான். சால்டரிங் அயர்ன் இங்கே உதவாது.

இதற்குப் பரவலாக இரண்டு வழிகள் உள்ளன. தங்கக் கம்பியின் நுனியை மின்பொறியால் உருக்கி உருண்டையாக்கி, சூடான மேடையில் வைத்து அழுத்துவது ஒன்று. அலுமினியக் கம்பியை வெட்ஜ் என்னும் ஆப்பு வடிவ முனையால் அறை வெப்பநிலையிலேயே அழுத்துவது மற்றொன்று. இந்த அத்தியாயம் இரண்டாவது வழிக்கு மட்டும். தொடங்குபவருக்கு அதுவே நல்லது. சூடேற்ற வேண்டாம், உயர் மின்னழுத்தப் பொறி வேண்டாம், சாதாரண எனிக் பூச்சுப் போர்டே போதும்.

தியரி, ஒரே பத்தியில்

வெட்ஜ் கம்பியைப் பேடின் மேல் இருபது முப்பது கிராம் விசையோடு அழுத்தும். அதே நேரத்தில் பக்கவாட்டில் மிக நுண்ணிய அளவில் அதிரும். பெரும்பாலான கருவிகளில் இந்த அதிர்வு 60 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இருக்கும், காதில் விழாது. அந்தத் தேய்ப்பில் அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு உடைந்து விலகும், கம்பி இளகி நசுங்கும், உலோகமும் உலோகமும் நேராகச் சந்தித்துப் பிணையும். எதுவும் உருகுவதில்லை. ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும், மாட்யூல், அதாவது சிப் ஒட்டிய போர்டு, துளியும் அசையக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் கருவியின் குமிழ்களுக்கு அர்த்தம் உண்டு.

போர்டு வரையும்போதே கவனிக்க வேண்டியவை

பாண்டிங்கில் வரும் தொல்லைகளில் பாதி, போர்டு வரையும் மேசையிலேயே பிறந்துவிடுகிறது. போர்டை வேறொருவர் வரைகிறார் என்றால் இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள்.

பூச்சு எனிக் ஆக இருக்கட்டும், அதாவது நிக்கலின் மேல் மெல்லிய தங்கம். இந்தத் தங்கம் 0.1 மைக்ரானுக்கும் குறைவாகவே இருக்கும். நிக்கலைத் துருவேறாமல் காப்பதுதான் அதன் வேலை, அலுமினியம் உண்மையில் பிணைவது அடியிலுள்ள நிக்கலோடு. ஈயப்பூச்சுள்ள ஹாசல் போர்டில் பாண்ட் பிடிக்காது. தங்கக் கம்பி போடத் திட்டமிட்டால் இந்த மெல்லிய பூச்சு போதாது, அதற்குத் தடித்த மென்தங்கமோ பல்லேடியம் சேர்ந்த எனெபிக் பூச்சோ கேட்க வேண்டும்.

போர்டிலுள்ள பேடு 0.1 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். நீளத்தில் தாராளமாக 0.4 மி.மீ. கொடுங்கள். முதல் முயற்சி தவறினால் பக்கத்திலேயே இன்னொன்று போட இடம் வேண்டும். பேடுக்கு அடியில் வயா வேண்டாம். சால்டர் மாஸ்க்கைப் பேடின் விளிம்பிலிருந்து விலக்கி வையுங்கள், வெட்ஜின் பின்பக்கம் அதில் இடிக்கும். உயரமான கெப்பாசிட்டர், கனெக்டர் எதுவும் பாண்ட் பேடுகளின் அருகே நிற்கக் கூடாது.

சிப்பின் பேடும் போர்டின் பேடும் நேருக்கு நேராக இருக்கட்டும். கம்பியின் நீளத்தை அதன் விட்டத்தைப் போல நூறு மடங்குக்குள், அதாவது 2.5 மி.மீ.க்குள் வைப்பது பழைய விதி, நல்ல விதி. அதற்கு மேல் போனால் கம்பி தொய்யும், பக்கத்துக் கம்பியைத் தொடும். மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் சேரும் என்பதால் வேகமான சிக்னல்களுக்கு நீளக் கம்பி வேறு வகையிலும் கெடுதல். மின்வழங்கல், கிரவுண்டு இரண்டுக்கும் இரண்டு மூன்று கம்பிகளை இணையாகப் போட இடம் விடுங்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை

கையால் இயக்கும் வெட்ஜ் பாண்டர், 10 முதல் 40 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், 1 சதவீதம் சிலிக்கான் கலந்த 25 மைக்ரான் அலுமினியக் கம்பி, அதற்குப் பொருந்தும் வெட்ஜ், காந்தமேறாத கூர்நுனி ட்வீசர் இரண்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துடைப்பான், மணிக்கட்டுப் பட்டை. இவற்றோடு நீங்கள் வேலை செய்யப்போகும் அதே தொகுதியைச் சேர்ந்த இரண்டு வெற்றுப் போர்டுகள். இந்த வெற்றுப் போர்டுகளை யாரும் கேட்டு வாங்குவதில்லை. இவை இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கம்பிச் சுருளை மூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் சுருள் சீக்கிரம் கெடும். சுருளில் கம்பி சுற்றிய பகுதியை ஒருபோதும் விரலால் தொடாதீர்கள்.

முதலில் பாதுகாப்பு

ஆபத்து குறைந்த வேலைதான், ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

1. வெட்டுப்பட்ட கம்பித் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாது. விரலில் ஒட்டிக் கண்ணுக்குள் போகும். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள். ஊதினால் துணுக்கு பறக்கும், எச்சில் பேடில் தெறிக்கும்.

2. வெள்ளி எபாக்சி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

3. வெட்ஜின் அடியில் படியும் அலுமினியத்தைக் கரைக்கச் சிலர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வைத்திருப்பார்கள். அதைத் தொடும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கக்கூடியது. உடனே ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

4. ஆல்கஹால் குப்பியைச் சால்டரிங் அயர்ன், ஹாட் பிளேட் ஆகியவற்றின் அருகே வைக்காதீர்கள்.

5. மாட்யூலுக்கு மின்சாரம் கொடுத்தபடி பாண்ட் போடக் கூடாது. மணிக்கட்டுப் பட்டை 1 மெகாஓம் மின்தடை வழியாகத் தரையோடு இணைந்திருக்க வேண்டும். அந்த மின்தடை உங்கள் உயிருக்கானது, அதைத் தவிர்த்து நேராகக் கம்பி இழுக்காதீர்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துத் தொலைவில் பாருங்கள். முழங்கை இரண்டும் மேசையில் தாங்கியிருக்கும்படி நாற்காலியின் உயரத்தை வைத்துக்கொண்டால் கை நடுக்கம் பெருமளவு அடங்கும்.

சிப்பை ஒட்டுதல்

1. சால்டர் செய்ய வேண்டிய எல்லா உறுப்புகளையும் முதலில் முடியுங்கள். சிப் ஒட்டிய பிறகு சால்டர் செய்தால் ஃப்ளக்ஸ் தெறித்துப் பேடெல்லாம் பாழாகும்.

2. ஃப்ளக்ஸ் எச்சத்தைக் கழுவி, புதிய ஆல்கஹாலில் மீண்டும் ஒருமுறை அலசி உலர்த்துங்கள். அழுக்குக் கரைசலில் கழுவுவது அழுக்கைப் போர்டு முழுக்கப் பரப்புவதற்குச் சமம்.

3. வெள்ளி எபாக்சியைக் குறைவாக வையுங்கள். சிப்பை வைத்து மெல்ல அழுத்தினால் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். பக்கச் சுவரில் ஏறினால் ஷார்ட் ஆகும்.

4. எபாக்சித் தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்திலும் நேரத்திலும் முழுமையாக இறுக விடுங்கள். அவசரப்பட்டுப் பாதியில் எடுத்தால் அடியில் மெத்தை போல இளகி நிற்கும், அதிர்வெல்லாம் அதற்குள் போய்விடும்.

குறிப்பு: இரட்டைப் பக்க டேப், சிலிகோன் பசை இரண்டையும் சிப் ஒட்டப் பயன்படுத்தாதீர்கள். சிலிகோனிலிருந்து வெளியேறும் ஆவி பேடுகளில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். அதே அடுப்பில் வேறு யாராவது சிலிகோனை இறுக வைத்தாலும் உங்கள் பேடு கெடலாம்.

கம்பி கோத்தல்

தொடங்குபவர்கள் மனம் விட்டுப்போவது இங்கேதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

1. சுருளை அதன் அச்சில் சரியான திசையில் மாட்டுங்கள். தலைப்பு முனை எது என்று சுருளிலேயே ஒரு சிறு ஒட்டுச்சீட்டு காட்டும். மாற்றி அவிழ்த்தால் சுற்றுகள் ஒன்றன் கீழ் ஒன்று சிக்கும்.

2. கம்பியைக் கண்ணாடிக் குழாய் அல்லது வழிகாட்டித் துளை வழியாகக் கிளாம்ப்புக்கு இடையே கொண்டுவாருங்கள்.

3. நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். மடங்கிய நுனியைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, வெட்டிவிட்டுப் புதிய நுனியோடு முயலுங்கள்.

4. நுனியை வெட்ஜின் பின்புறத் துளையில் நுழைத்துவிடுங்கள். வெட்ஜுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து, விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்தால் கம்பி பளிச்சென்று தெரியும்.

5. நுனி முன்பக்கம் வந்ததும் ட்வீசரால் மெல்லப் பிடித்து இழுத்து, கிளாம்ப்பை மூடுங்கள். அடிப்பாதத்தின் கீழ் கம்பி நேராகக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

ட்வீசர் நுனி வெட்ஜில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்ஜின் டங்ஸ்டன் கார்பைடு கடினமானது, ஆனால் பட்டென்று தெறிக்கும்.

குமிழ்களின் அளவைக் கண்டுபிடித்தல்

இன்னொருவரின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குமிழில் 3 என்றிருப்பது ஒரு கருவியில் ஒரு பொருள், இன்னொரு கருவியில் வேறு பொருள். வெற்றுப் போர்டில் இப்படிச் செய்யுங்கள்.

1. விசையை 25 கிராமிலும் நேரத்தை 30 மில்லிவினாடியிலும் வைத்து அசைக்காமல் விடுங்கள்.

2. பவரை, அதாவது அதிர்வின் வலுவை, மிகக் குறைத்து, கம்பி பிடிக்காத நிலையிலிருந்து தொடங்குங்கள்.

3. சிறு படிகளாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பத்து பாண்டாவது போட்டு, எத்தனை பிடித்தன, கம்பி நசுங்கிய தடம் எவ்வளவு அகலம் என்று எழுதுங்கள்.

4. எல்லாம் பிடிக்கத் தொடங்கும் இடமும் கம்பி தட்டையாக நசுங்கத் தொடங்கும் இடமும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள்.

5. முதல் பாண்ட் சிப்பில், இரண்டாவது போர்டில் விழுகிறது. பரப்பு வேறு, ஆகவே அளவும் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். சிப்புக்கான சோதனைக்குப் பழுதான சிப் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல தடத்தின் அகலம், கம்பியின் அகலத்தைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு இருக்கும். இரண்டு மடங்கு ஆகிவிட்டால், ஒட்டியிருந்தாலும் அது கெட்ட பாண்ட். கம்பி தடத்திலிருந்து மேலே எழும் இடத்தைக் குதிகால் என்போம். அதிகமாக நசுங்கியது எப்போதும் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

பாண்ட் போடும் வரிசை

1. மாட்யூலை வேக்குவம் சக்கிலோ கிளாம்ப்பிலோ இறுக்குங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி அதன் விளிம்பை ட்வீசரால் தள்ளுங்கள். பேடு துளி நகர்ந்தாலும் மீண்டும் இறுக்குங்கள்.

2. இரண்டு பேடுகளையும் இணைக்கும் கோடு, வெட்ஜ் நோக்கும் திசையோடு ஒன்றாகும்வரை மேடையைத் திருப்புங்கள். இரண்டாவது பாண்ட், கம்பி வரும் பக்கமாகவே விழ வேண்டும். கோணம் தவறினால் குதிகால் முறுக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் மேடையைத் திருப்பச் சலிப்பாக இருக்கும், ஆனாலும் திருப்புங்கள்.

3. வாலைப் பாருங்கள். அடிப்பாதத்தின் கீழிருந்து கம்பி சற்றே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையானால் தடம் பாதிதான் விழும். நீளமானால் பக்கத்துப் பேடைத் தொடும்.

4. வெட்ஜைத் தேடல் உயரத்துக்கு இறக்குங்கள். பேடின் மேல் கம்பி விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கு உயரம் இது. பல கருவிகளில் பொத்தானை அழுத்தினால் இங்கே வந்து நிற்கும். பேடின் நடுவுக்கு நேராகக் கொண்டுவந்து பொத்தானை விடுங்கள். முதல் பாண்ட் விழும்.

5. எழுந்த வெட்ஜை நேர்க்கோட்டில் நகர்த்தி இரண்டாவது பேடின் மேல் கொண்டுவாருங்கள். கம்பி சிப்பின் விளிம்பைத் தொடாமல் வளைந்து தாண்ட வேண்டும். 0.2 மி.மீ. உயர லூப் பெரும்பாலும் போதும்.

6. மீண்டும் இறக்கி, இடம் பார்த்து, விடுங்கள். இரண்டாவது பாண்ட் விழுந்ததும் கிளாம்ப் மூடிக் கம்பியை அறுத்து, அடுத்த வாலை நீட்டும்.

7. மேடையை நகர்த்துமுன் இரண்டு தடங்களையும் பாருங்கள். கவனிக்காமல் விட்ட ஒரு வால் குறைபாடு அடுத்த பத்துக் கம்பிகளைக் கெடுக்கும்.

எப்போதும் சிப்பில் முதல் பாண்ட், போர்டில் இரண்டாவது. கம்பி அறுபடும் இழுப்பு இரண்டாவது பாண்டில் விழுகிறது, அதைப் போர்டு தாங்கிக்கொள்ளும். கிரவுண்டுக் கம்பிகளை முதலில் போடுங்கள். உள்பக்க வரிசையையும் வெளிப்பக்க வரிசையையும் கொண்ட சிப் என்றால் தாழ்ந்த லூப்புள்ளவற்றை முடித்துவிட்டு உயர்ந்தவற்றுக்கு வாருங்கள்.

பிடிக்கவில்லையா? பவரைத் தொடாதீர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கம்பி பிடிக்காதபோது எல்லோருடைய கையும் பவர் குமிழுக்குத்தான் போகும். ஏற்றினால் சில சமயம் பிடிக்கவும் செய்யும். அப்படிப் பிடித்த பாண்ட், குதிகால் நசுங்கி, சில வாரங்களில் கைவிடும். இன்னும் ஏற்றினால் பேடுக்கு அடியிலுள்ள சிலிக்கானே பெயர்ந்து குழியாகும், சிப் அதோடு முடிந்தது. நேற்றுவரை வேலை செய்த அளவு இன்று வேலை செய்யவில்லை என்றால் மாறியது அளவு அல்ல, வேறு ஏதோ ஒன்று. இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் அசைவு. ட்வீசரால் தள்ளிப் பாருங்கள். மெல்லிய ஃப்ளெக்ஸ் போர்டு என்றால் பேடுக்கு அடியில் வெற்றிடம் இருக்கலாம். தடித்த தகட்டில் முழுப் பரப்பும் படியுமாறு ஒட்டியே வேலை செய்ய வேண்டும். ஓரங்களில் பிடித்து நடுவில் அந்தரத்தில் நிற்கும் போர்டு மேளத் தோல் போல அதிரும், பாண்டுக்கு எதுவும் மிஞ்சாது. ஒரே போர்டில் சில இடங்களில் பிடித்துச் சில இடங்களில் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே.

அடுத்து வால். வெட்ஜை உயர்த்தி அடியில் கம்பி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்திலிருந்து கம்பி பக்கவாட்டில் நழுவியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிய தடம் விழும்.

அடுத்து பரப்பு. விரல்ரேகை, ஃப்ளக்ஸ், எபாக்சியிலிருந்து கசிந்த பிசின், எதுவாகவும் இருக்கலாம். சந்தேகமுள்ள போர்டுப் பேடை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். பிடித்தால் காரணம் தெரிந்துவிட்டது. போகாத படலத்துக்கு பிளாஸ்மா அல்லது புற ஊதா-ஓசோன் சுத்திகரிப்பு வேண்டும். மென்மையான பென்சில் ரப்பரால் போர்டுப் பேடைத் தேய்ப்பவர்களும் உண்டு. நெருக்கடியில் அது உதவும், ஆனால் துகள்களை ஆல்கஹாலில் அலசி எடுக்க வேண்டும். சிப்பின் பேடில் ரப்பரைக் கொண்டுபோகவே கூடாது, அலுமினியம் அங்கே ஒரு மைக்ரான் தடிமன்தான்.

பிறகு வெட்ஜ். அடிப்பாதத்தில் அலுமினியம் படிந்து பளபளக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா, பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்ஜ் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் மாறினாலே அதிர்வு மாறிவிடும். மாற்றும்போது அளவுகோல் வைத்து அதே நீளத்தில் பொருத்துங்கள்.

கடைசியாகக் கம்பி. பழைய சுருளா, புதிய தொகுதியா? இவை ஐந்தும் சரியென்று உறுதியான பிறகே குமிழ்.

இழுத்துப் பார்த்தல்

கண்ணுக்கு அழகான பாண்ட் உறுதியானது என்று நம்பிவிடாதீர்கள். வெற்றுப் போர்டில் போட்ட கம்பிகளை இழுவைச் சோதனைக் கருவியின் கொக்கியால் லூப்பின் நடுவில் மேல்நோக்கி இழுங்கள். அமெரிக்க இராணுவத் தரமான மில்-ஸ்டாண்டர்டு 883, 25 மைக்ரான் அலுமினியக் கம்பிக்கு, மூடி போடுமுன் குறைந்தது 2.5 கிராம் விசை தாங்க வேண்டும் என்கிறது. அது கடைசி எல்லை. சரியாக அமைத்த கருவியில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு வர வேண்டும்.

எண்ணைவிட, எங்கே அறுந்தது என்பதையே முதலில் எழுதுங்கள். குதிகாலிலோ நடுவிலோ அறுந்தால் பாண்ட் கம்பியைவிடப் பலமாக இருக்கிறது, நல்லது. தடத்தோடு பெயர்ந்து வந்தால், எண் எவ்வளவு உயரமாக இருந்தாலும், அந்த அமைப்பை ஏற்காதீர்கள்.

தவறிய கம்பியை எடுத்தல்

மேல்நோக்கிப் பிடுங்காதீர்கள், பேடும் கூடவே வரும். குதிகாலுக்கு அருகில் ட்வீசரால் பிடித்து முன்னும் பின்னுமாக மடக்குங்கள், தானே அறும். பழைய தடத்தின் மேல் போடாமல் பேடின் காலியிடத்தில் புதியதைப் போடுங்கள். சிப்பின் பேடு இரண்டாவது முயற்சியைத் தாங்கும், மூன்றாவதை நம்ப வேண்டாம்.

முடித்த பிறகு

முதலில் மின்சோதனை, அதன் பிறகே கம்பிகளை மூடுவது. இறுகிய பூச்சுக்குள் தவறிய கம்பியைச் சரிசெய்ய வழியில்லை.

மூடுவதா வேண்டாமா என்பது மாட்யூல் போகும் இடத்தைப் பொறுத்தது. ஃபெர்மிலாப் ஆய்வகத்தின் சி.டி.எஃப். என்னும் துகள் கண்டறி கருவியில், 1.4 டெஸ்லா காந்தப்புலத்துக்குக் குறுக்கே நின்ற பாண்ட் கம்பிகளில் மின்னோட்டம் சீரான இடைவெளியில் ஏறி இறங்கியபோது, அவை தம் இயல் அதிர்வெண்ணில் ஆடி, குதிகாலில் களைத்து அறுந்தன. காந்தப்புலத்துக்குள்ளோ அதிரும் இடத்துக்கோ போகும் மாட்யூலில் கம்பிகளின் அடிப்பகுதியையாவது மென்மையான பூச்சால் பிடித்து வையுங்கள்.

ஈரம் இன்னொரு எதிரி. 2013-இல் செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் துகள் கண்டறி கருவிக்காகத் தயாரான ஐ.பி.எல். என்னும் உள்ளடுக்கின் பகுதிகளில், பாண்ட் கம்பிகளைச் சுற்றி வெண்ணிறத் துருப் படிவு கண்டார்கள். குளிரூட்டும் சோதனையில் படிந்த நீரும், போர்டில் எஞ்சியிருந்த ஹாலஜன் மாசும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்றிருந்தன. குளிரிலிருந்து எடுத்த மாட்யூல் அறை வெப்பத்துக்கு வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

வேலை முடிந்த அன்றே தேதி, கம்பித் தொகுதி எண், இரண்டு பாண்டின் விசை, நேரம், பவர், இழுவைச் சோதனை முடிவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மாட்யூலைக் கம்பிகளின் மேல் எதுவும் படாத, மூடியுள்ள, நிலைமின் காப்புப் பெட்டியில் திருகி நிறுத்துங்கள். அடுத்துத் திறப்பவருக்குக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ‘உள்ளே திறந்த கம்பிகள். தொடாதீர்கள், துடைக்காதீர்கள், ஊதாதீர்கள்.’